நாய் பிஸ்கட் நாலாம் நாளே பூசணம்: வீட்டுல செய்யறவங்க கொஞ்சம் வாங்க

#1 கருப்பன்_அம்மா, திருவான்மியூர் – செவ்வாய் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போறவ, முதல் தடவையா இழை தொடங்கறேன்.

எங்க வீட்டுல கருப்பன்னு ஒரு நாட்டு நாய். மூணு வயசு, 14 கிலோ, கருத்தடை பண்ணியாச்சு. கடை பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சேன். பாதி புரியல. புரிஞ்ச பாதியில சர்க்கரையும் சிவப்புக் கலரும் இருந்துச்சு. நாய்க்கு சிவப்பு சரியாத் தெரியவே தெரியாதாம், அப்புறம் அந்தக் கலர் யாருக்காக?

போன வெள்ளிக்கிழமை நானே இறங்கிட்டேன். கேழ்வரகு மாவு 150 கிராம், கோதுமை மாவு 100, வேகவெச்சு மசிச்ச மஞ்சள் பூசணி 120, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். உப்பு, வெல்லம் எதுவும் போடல. திரட்டி, கத்தியால சின்னச் சின்ன கட்டமா வெட்டி, ஓ.டி.ஜி.யில 180 டிகிரி, 20 நிமிஷம். மேல நல்லா மொறுமொறுன்னு வந்துச்சு. கருப்பன் ஓவன் முன்னாடியே உக்காந்து வாசனை பிடிச்சான். பெருமையா டப்பாவுல போட்டு மூடினேன்.

இன்னிக்குக் காலைல மூடியைத் திறந்தா புளிச்ச வாடை. அடியில கிடந்த துண்டுங்க மேல பச்சையா, வெல்வெட் மாதிரி. பூசணி போட்டேன், பூசணம் பூத்துடுச்சு. மொத்தத்தையும் கொட்டிட்டேன்.

எங்க தப்பு பண்ணேன்? ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கலாம்? அவன் பார்க்கற பார்வைக்குக் குடுத்தா நாளைக்கு நூறு போகும்.

#2 சிப்பிப்பாறை_சிவா, சாத்தூர் – செவ்வாய் இரவு 10.05

கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. எங்க தாத்தா காலத்துல நாய்க்குக் கம்மங்கூழு, பழைய சோறு, என்னைக்காச்சும் கறி எடுத்தா ஈரல் துண்டு. அதைத் தின்னுட்டு முயலை விரட்டிட்டுத் திரிஞ்சுச்சுக. இப்ப ஓவன், டிகிரி, கிராமுன்னு நாய்க்கு மெனக்கெடுறதப் பார்த்தா சிரிப்பா வருது. வெள்ளைக்காரன் பழக்கம்.

#3 மதுரை_அடுப்பு – செவ்வாய் இரவு 10.50

சிவா அண்ணே, சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

கருப்பன்_அம்மா, பூசணி மேல பழி போடாதீங்க. நான் வீட்டுல இருந்தே கேக், ரஸ்க் ஆர்டர் எடுத்துப் பண்றவன். மனுசனுக்குச் செய்யிற பிஸ்கட்டுல சர்க்கரையும் வெண்ணெயும் நிறைய, தண்ணி கம்மி. சர்க்கரையே தண்ணியைக் கட்டிப் பிடிச்சு வச்சுக்கும், அதனால சீக்கிரம் கெடாது. நீங்க நாய்க்கேத்த மாதிரி சர்க்கரை, உப்பு ரெண்டையும் எடுத்துட்டீங்க. சரிதான், எடுக்கத்தான் வேணும். ஆனா கெடாம காக்குற காவல்காரங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. மிச்சம் இருக்க ஒரே வழி தண்ணியை வெளியேத்துறது.

மேல மொறுமொறுன்னு இருந்தா உள்ளயும் காஞ்சிருக்குன்னு அர்த்தமில்ல. சூடா டப்பாவுல போட்டு மூடியிருந்தா அதுவும் சேர்ந்து வேர்த்திருக்கும்.

ஒரு கணக்கு சொல்றேன். உங்க மாவு மொத்தம் ஏறக்குறைய 425 கிராம் வருது. கேழ்வரகுலயும் கோதுமையிலயும் பத்துக்கு ஒரு பங்கு தண்ணி. பூசணி பூரா தண்ணிதான். முட்டையில முக்கால்வாசி தண்ணி. எல்லாத்தையும் கழிச்சா காஞ்ச சரக்கு 250 கிராம்தான் தேறும். பிஸ்கட் கெடாம நிக்கணும்னா அதுல தண்ணி பத்து சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். அப்படின்னா 425 போட்டது 270, 275-க்கு இறங்கியிருக்கணும். நீங்க எடை போட்டுப் பார்த்தீங்களா?

செய்ய வேண்டியது இதுதான். கால் அங்குலத்துக்கு மேல தடிமன் வேணாம். 160-ல 25 நிமிசம் வேகட்டும். அப்புறம் 100-க்குக் குறைச்சு, கதவு இடுக்குல ஒரு மரக்கரண்டியைச் சொருகி வச்சு ஆவி போக விடுங்க. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்புறம் தட்டுலயே ஆறணும், நல்லா ஆறுனதும்தான் டப்பா. பிஸ்கட்டுங்கிற வார்த்தைக்கே ரெண்டு தடவை சுட்டதுன்னுதான் அர்த்தம். பேக்கரி ரஸ்க்கும் அதே வேலைதான்.

கேழ்வரகு தனியா இழுவை பிடிக்காது, வெடிச்சுப் போகும். அதனால நீங்க கோதுமை சேர்த்தது சரி. ஆப்ப சோடா எதுவும் வேண்டாம். பொங்கி வரணும்னு அவசியமே இல்லாத பண்டம் இது. அளவு கூடினா நாய்க்கு ஆகாது.

#4 கருப்பன்_அம்மா – செவ்வாய் இரவு 11.15

எடையா? தராசைத் தேடணும் அண்ணா. சூடா மூடினேன், அதை ஒத்துக்கறேன். நாளைக்கே மறுபடி செஞ்சு எடை போட்டு எழுதறேன்.

#5 சுன்னாகம்_சுதா – புதன் காலை 7.20

எங்கட பக்கம் கேழ்வரகெண்டா குரக்கன். நான் குரக்கன் மாவில்தான் செய்யிறனான். போறணை, அதுதான் ஓவன், இல்லை; தாச்சியும் தோசைக்கல்லும்தான். முதல்ல மாவை நல்லா வறுத்துப் போட்டுக் குழைப்பன். வறுத்த மாவெண்டால் வாசமும் நல்லம், காய வைக்கிற வேலை அரைவாசி அங்கேயே முடிஞ்சிடும். மெல்லிசாத் தட்டிக் கல்லில ரெண்டு பக்கமும் போட்டு எடுத்து, வெட்டி, திரும்பவும் குறைஞ்ச நெருப்பில கல்லில பரப்பி வைப்பன். நேரம் பிடிக்கும். ஆனால் சரிவரும்.

ஒரு பிழை விட்டனான், சொல்லிறன். வாசத்துக்கெண்டு நெத்தலிக் கருவாட்டை இடிச்சுப் போட்டன். நாய்க்குச் சரியான விருப்பம்! அண்டு முழுக்கத் தண்ணி விடாய், இரவு மூண்டு தரம் வெளியில கொண்டு போனன். உப்பு. இப்ப பச்சை நெத்தலியை அவிச்சு முள்ளெடுத்துச் சேர்க்கிறன், அதுவும் அண்டைக்கே குடுத்து முடிக்கிற மாதிரிக் கொஞ்சம்தான்.

#6 ராக்கி_அப்பா, சேலம் – புதன் காலை 8.02

நல்ல இழை. என் பங்குக்கு ஒன்று: மாவோடு நாலு பல் பூண்டு அரைத்துப் போடுங்கள். உண்ணி அண்டாது. எங்கள் லேப்ரடாருக்கு ஒரு வருடமாகக் கொடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மஞ்சள் தூளும் போட்டால் கிருமி நாசினி.

#7 மாட்டாஸ்பத்திரி_மரு – புதன் மதியம் 2.10

நான் கால்நடை மருத்துவர், வேப்பேரியில படிச்சவன். ஊர்ல இன்னும் எல்லாரும் மாட்டாஸ்பத்திரி டாக்டர்னுதான் கூப்பிடறாங்க, வர்றதுல பாதி நாய்தான்.

பூண்டு வேண்டாம். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். அதுல இருக்கற கந்தகச் சேர்மங்கள் நாயோட சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவெச்சாலும், காயவெச்சுப் பொடி பண்ணாலும் அந்தக் குணம் போகாது, பொடியில இன்னும் செறிவாத்தான் இருக்கும். ராக்கி பெரிய நாய், அதனால இதுவரை வெளிய தெரியல. நம்ம ஊர்ல உண்ணியால வர்ற பேபேசியா காய்ச்சலும் அதே சிவப்பணுக்களைத்தான் உடைக்கும். உண்ணிக்குப் பயந்து பூண்டு போடறது, திருடனுக்குப் பயந்து நாமே பின்கதவைத் திறந்து வைக்கற கதை. உண்ணிக்கு மாத்திரை இருக்கு, கழுத்துப் பட்டை இருக்கு, உங்க மருத்துவரைக் கேளுங்க. மஞ்சள் ஒரு சிட்டிகையால கெடுதல் இல்ல, பெரிய நன்மையும் எதிர்பார்க்காதீங்க.

நம்ம சமையலறையில யாரும் சந்தேகப்படாத இன்னொரு ஆள் புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயோட சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு ரொம்ப நாளாத் தெரியும், ஆனா எந்தப் பொருள் கெடுக்குதுன்னு பிடிபடல. 2021-ல அமெரிக்காவுல விலங்கு நச்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் புளி தின்ன நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் பாதிச்சதைப் பதிவு பண்ணாங்க. புளியில அந்த அமிலம் எவ்வளவுன்னு நாக்குல வெச்சாலே தெரியும். அதனால மிச்ச சாம்பார்க் காயை மசிச்சு மாவுல சேர்க்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. வெங்காயம், புளி, உப்பு மூணும் ஒரே கரண்டியில போகுது.

எத்தனை குடுக்கலாம்னு கேட்டீங்களே. கால்குலேட்டர் எடுங்க. எடையை அதே எடையால ரெண்டு தடவை பெருக்குங்க: 14×14×14 = 2744. வர்க்கமூலப் பொத்தானை ரெண்டு தடவை அழுத்துங்க: 7.24. அதை 70-ஆல பெருக்கினா 507. சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்கு உடம்பு கேக்கற கலோரி அது. கருத்தடை ஆன, வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 810. தின்பண்டம் அதுல பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருப்பனுக்கு 80 கலோரி.

உங்க மாவு மொத்தமும் ஏறக்குறைய 960 கலோரி வரும். 120 துண்டா வெட்டினா துண்டுக்கு 8. அப்போ நாளைக்குப் பத்து. அந்த 80-ஐ சோத்துல குறைச்சுக்கணும், அதை யாரும் செய்யறதில்ல. துண்டு கொண்டைக்கடலை அளவு இருந்தாப் போதும். நாய் எண்ணிக்கையைத்தான் கவனிக்கும், அளவை இல்ல.

சிறுநீர்ப்பையில கல்லு வந்த நாய், சிறுநீரகக் கோளாறு, கணைய வீக்கம், சர்க்கரை இருக்கற நாய்ங்களுக்கு இந்த இழையைப் பார்த்து எதுவும் செய்யாதீங்க. உதாரணத்துக்கு, கேழ்வரகுல கால்சியமும் நிறைய, ஆக்சலேட்டும் நிறைய. கல்லு இருக்கற நாய்க்கு அது சரிப்படாது.

#8 ராக்கி_அப்பா – புதன் மாலை 5.30

ஒரு வருடம் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே சொல்கிறேன்? என் அனுபவத்துக்கு மதிப்பில்லையா?

#9 மாட்டாஸ்பத்திரி_மரு – புதன் இரவு 9.15

மதிப்பு இருக்கு சார். ஆனா ரத்தசோகை மெல்ல மெல்ல இறங்கும்போது நாய் சொல்லாது. ஈறைத் தூக்கிப் பாருங்க, வெளிறியிருக்கா ரோஸாவா? முடிஞ்சா ஒரு ரத்தப் பரிசோதனை. நான் சொன்னது தப்புன்னா இங்கயே வந்து திட்டுங்க.

#10 சிப்பிப்பாறை_சிவா – புதன் இரவு 9.40

டாக்டர் வந்துட்டாரு, நான் வாயை மூடிக்கிடுறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நாய்க்குத் தானியமே ஆகாது, அது ஓநாய் வம்சம், கறி மட்டும்தான் போடணும்னு எங்க ஊரு கடையில ஒருத்தன் தானியமில்லாத தீனியை ரெண்டாயிரத்துக்கு வித்துக்கிட்டிருக்கான். அப்ப எங்க தாத்தா போட்ட கம்மங்கூழு?

#11 மாட்டாஸ்பத்திரி_மரு – புதன் இரவு 10.20

உங்க தாத்தா பக்கம்தான் அறிவியலும். 2013-ல ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நாயோட மரபணுவையும் ஓநாயோட மரபணுவையும் ஒப்பிட்டாங்க. மாவுச்சத்தைச் செரிக்கற மரபணு ஓநாய்கிட்ட ரெண்டு பிரதிதான், நாய்கிட்ட அதைப் போலப் பல மடங்கு. மனுஷன் விவசாயம் பண்ண ஆரம்பிச்சு, அவன் மிச்சத்தைத் தின்னு வந்த வம்சம் இது. தானியத்துக்கு நிஜமாவே ஒவ்வாமை இருக்கற நாய் உண்டு, ஆனா குறைவு. 2018-ல அமெரிக்க உணவு மருந்துத் துறை தானியமில்லாத தீனிக்கும் ஒருவகை இதய வீக்கத்துக்கும் தொடர்பு இருக்கான்னு விசாரிக்கவே ஆரம்பிச்சுது. முடிவா எதுவும் நிரூபணமாகல. ஆனா தானியம் இல்லைங்கறதுக்காக மட்டும் ரெண்டாயிரம் குடுக்க வேண்டியதில்ல.

#12 ஸ்கார்பரோ_ராம் – வியாழன் காலை 6.45

கம்மங்கூழைப் பத்தி சிவா அண்ணைக்கு ஒரு கதை. பிஸ்கட் வெள்ளைக்காரன் பழக்கம்தான், ஆனா அதுவும் கூழ் மாதிரி ஏழைச் சாப்பாட்டில இருந்து வந்ததுதான். 1860-ஐ ஒட்டி ஜேம்ஸ் ஸ்ப்ராட் எண்டொரு அமெரிக்கன், இடிதாங்கி விக்க லண்டனுக்குப் போனவன், துறைமுகத்தில கப்பல்காரர் எறிஞ்ச காய்ஞ்ச பிஸ்கட்டைத் தெருநாய்கள் அடிபட்டுத் தின்னுறதைக் கண்டானாம். அதில இருந்துதான் கடையில விக்கிற நாய் பிஸ்கட் தொடங்கினது. அவன்ர கொம்பனியில வேலை செய்த சார்ள்ஸ் க்ரஃப்ட்தான் 1891-இல பெயர் பெற்ற க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினவர்.

நான் எழுத வந்தது வேற. இங்க எல்லாரும் நாய் பிஸ்கட்டுக்குக் கடலை வெண்ணெய் போடுவினம். சர்க்கரை இல்லாதது எண்டு விக்கிற சில போத்தல்களில சைலிட்டால் இருக்கு. மனிசருக்கு அது வெறும் இனிப்பு. நாய்க்கு உள்ள போனதும் இன்சுலினைக் கொட்டப் பண்ணும், அரை மணி ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தச் சர்க்கரை விழுந்து வலிப்பு வரும், ஈரலும் பழுதாகும். சில பெட்டிகளில 'பிர்ச் சுகர்' எண்டு எழுதியிருப்பினம், அதுவும் இதுதான். என்ர அயல் வீட்டு நாய் ஒரு பாக்கெட் சுவிங்கம் திண்டு ரெண்டு நாள் சேலைனில கிடந்தது. ஊரிலயும் இப்ப சர்க்கரை இல்லாத சாமான் கூடிப்போச்சு, லேபிளைப் பாருங்கோ.

#13 மதுரை_அடுப்பு – வியாழன் காலை 9.00

நம்ம ஊர்ல எதுக்குப் போத்தல்? பச்சைக் கடலையை வறுத்து, தோலைப் புடைச்சு, மிக்ஸியில எண்ணெய் விடுற வரைக்கும் ஓட்டுனாக் கடலை வெண்ணெய். உப்பு, சர்க்கரை போடாதீங்க. வறுக்குறதுக்கு முன்னால உக்காந்து பொறுக்குங்க. சுருங்குனது, கறுத்தது, பூசணம் பிடிச்சது ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது. அந்தப் பூசணத்துல அஃப்ளாடாக்சின்னு ஒரு விசம், நாயோட கல்லீரல் அதைத் தாங்காது. மலிவா விக்கிற உடைசல் கடலையை நாய்க்குத்தானேன்னு வாங்கிடாதீங்க.

#14 புதுசா_வந்தவ – வியாழன் காலை 11.35

ஓவன் இல்லை, ஹாஸ்டல் மாதிரி சின்ன வீடு. பிரஷர் குக்கர்ல வருமா? அப்புறம் எங்க நாய்க்கு அடுத்த வாரம் பிறந்தநாள், சாக்லேட் இல்லாம கேக்?

#15 மதுரை_அடுப்பு – வியாழன் மதியம் 1.20

வரும். குக்கர் அடியில கல்லுப்பைப் பரப்பி, மேல ஸ்டாண்டு. மூடியில கேஸ்கெட்டும் விசிலும் கழட்டிடணும், மறந்துடாதீங்க. சின்னத் தீயில பத்து நிமிசம் காயவிட்டு, பிஸ்கட் தட்டை இறக்கி 35, 40 நிமிசம். குக்கருக்குள்ள ஆவி வெளியேற வழி கம்மி, அதனால உள்ள காயாது. எடுத்துக் கல்லுல பரப்பி, சுதா சொன்ன மாதிரி ரெண்டாவது தடவை காய வைங்க. மே மாசம்னா வத்தலோட சேர்த்து மொட்டை மாடியில போடலாம், காக்காய்க்கு ஆள் போட்டுட்டு. ஈரல், மீன் சேர்த்த மாவை மட்டும் வெயிலை நம்பி விடாதீங்க.

கேக்குக்கு துருவின கேரட், கோதுமை மாவு, முட்டை, கொஞ்சம் புளிக்காத தயிர். இட்லித் தட்டுல ஆவியில வேகவிட்டாலே போதும். மேல பூச, துணியில கட்டித் தொங்கவிட்ட தயிர். அன்னைக்கே தீர்க்கணும்.

#16 கருப்பன்_அம்மா – வெள்ளி இரவு 8.30

எடை வந்தாச்சு.

நேத்து அதே அளவுல மாவு, தராசுல 421 கிராம். கையில ஒட்டினது போக. முதல்ல என் பழைய முறையிலயே, 180-ல 20 நிமிஷம் சுட்டு எடை பார்த்தேன்: 325! மேல தட்டினா டக் டக்னு சத்தம் வருது, ஆனா ஒண்ணை உடைச்சா நடுவுல சப்பாத்தி மாதிரி வளையுது. அண்ணா கணக்குப்படி இன்னும் 50 கிராமுக்கு மேல தண்ணி உள்ளயே உக்காந்திருக்கு. அதைத்தான் போன வாரம் டப்பாவுல பூட்டி வெச்சிருக்கேன்.

அப்புறம் 100-ல, கதவுல மரக்கரண்டி. ஒரு மணி நேரத்துல 291. ஒன்றரை மணி நேரத்துல 274. அங்க நிறுத்தினேன். இப்ப உடைச்சா வளையல, ரெண்டா முறியுது. பாதியைக் கண்ணாடி ஜாடியில வெளிய, பாதியை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன், எது எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்க.

சாயங்காலம் மாமனார் ஜாடியைத் திறந்து டீயில தொட்டுச் சாப்பிட்டுட்டார். நான் சொல்றதுக்குள்ள மூணாவது போயிடுச்சு. "உப்பு பத்தல" ன்னார்.

#17 ராக்கி_அப்பா – சனி காலை 10.10

டாக்டர், நேற்று ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் இருக்க வேண்டிய அளவின் கீழ் எல்லையில் நிற்கிறது. பூண்டினாலா, போன மாசம் வந்த உண்ணிக் காய்ச்சலினாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எப்படியும் பூண்டை நிறுத்திவிட்டேன்.

#18 மாட்டாஸ்பத்திரி_மரு – சனி இரவு 9.50

நல்லது. மூணு வாரம் கழிச்சு மறுபடி எடுங்க. ராக்கிக்கு பிஸ்கட் செய்யறதா இருந்தா மாவுல கொஞ்சம் வேகவெச்ச கோழி ஈரல் அரைச்சுச் சேர்க்கலாம், இரும்புச்சத்து கிடைக்கும். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் மட்டும். ஈரல்ல வைட்டமின் ஏ அதிகம், தினமும் போனா எலும்பைப் பாதிக்கும்.

#19 சிப்பிப்பாறை_சிவா – ஞாயிறு மாலை 4.15

எங்க வீட்டுல ஒரு கிழவி இருக்கா, சிப்பிப்பாறை சாதி நாய்தான், 11 வயசு. முன்பல்லு பாதி இல்ல. நேத்து எம் பொண்டாட்டி இந்த இழையைப் படிச்சுட்டு, கேழ்வரகுக்குப் பதிலா கம்பு மாவு போட்டுத் தோசைக்கல்லுல செஞ்சா. கல்லு மாதிரி வந்துச்சு. கிழவி நக்கிப் பார்த்துட்டு என்னையப் பார்த்தா. வெந்நீர்ல அஞ்சு நிமிசம் போட்டுக் குடுத்தேன். தின்னுட்டு, தட்டையும் தள்ளிக்கிட்டே அடுப்படி வரைக்கும் வந்துட்டா. தாத்தா இருந்தா, அதைக் கூழாவே குடுத்திருக்கலாமேடான்னு கேட்டிருப்பாரு.

#20 கருப்பன்_அம்மா – பதினைந்தாம் நாள், இரவு 9.05

வெளிய வெச்ச ஜாடி பன்னண்டாம் நாள் வரைக்கும் சுத்தமா இருந்துச்சு. பதிமூணாம் நாள் மழை, நான் மூடியைச் சரியாத் திருகல, ஒரு துண்டை எடுத்தா லேசா நமத்துப் போயிருந்தது. பூசணம் இல்ல, இருந்தாலும் அன்னிக்கே மறுபடி 100-ல அரை மணி நேரம் போட்டு எடுத்தேன். ஃப்ரிட்ஜ்ல இருக்கறது இன்னும் முறியுது.

கணக்கு: நாளைக்குப் பத்து, காலைல வாக்கிங்ல ஆறு, ராத்திரி நாலு. சோத்துல ஒரு கரண்டி குறைச்சாச்சு. கண்டுபிடிச்சுட்டான், தட்டை மூக்கால தள்ளிக் காட்டறான்.

#21 மதுரை_அடுப்பு – பதினைந்தாம் நாள், இரவு 9.30

மழைக்காலத்துல சின்னச் சின்ன ஜாடியாப் பிரிச்சு வைங்க, ஒரே ஜாடியைத் தினம் திறந்தா நமக்கத்தான் செய்யும். அடுத்த தடவை துண்டெல்லாம் ஒரே அளவா வெட்டுங்க. ஓரத்துல கிடக்குற சின்னத் துண்டுதான் முதல்ல கருகும்.

#22 கருப்பன்_அம்மா – பதினைந்தாம் நாள், இரவு 9.42

கருகினது ஏழு. மாமனார் டீக்கு எடுத்து வெச்சிருக்கார்.